கோச் கேட்டால் வீடியோ பார்ப்பது: அமெரிக்க விதி நியாயமா, தோட்டச் சுற்றுப்போட்டிக்கு ஒத்துவருமா?

நோர்வூட்_பந்து கேட்டது:

வணக்கம். தேயிலைத் தோட்டங்களுக்கு இடையிலான 11 பேர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றுக்கு விதிமுறை எழுதிக்கொண்டிருக்கிறோம். அரையிறுதியிலும் இறுதியிலும் கோச்மாருக்கு வீடியோ ரிவியூ கேட்கும் உரிமை கொடுக்கலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்திருக்கு.

இப்போதைக்கு எழுதியிருப்பது இதுதான். ஒரு அணிக்கு ஒரு ரிவியூ. கேட்கும்போது 5,000 ரூபாய் கட்ட வேண்டும், ரிவியூ தோற்றால் காசு திரும்பாது. மைதானத்தில் யார் போனில் எடுத்த வீடியோவும் சாட்சியாகச் செல்லும். "அமெரிக்க உதைபந்திலும் இப்படித்தான், கோச் சிவப்புக் கொடி எறிவார், தோற்றால் தண்டனை" என்று யோசனை சொன்னவர்கள் வாதாடுகிறார்கள்.

அந்த அமெரிக்க விதி முதலில் நியாயமானதுதானா? உதைபந்தாட்டத்தில் இப்படி ஏதாவது நடைமுறையில் இருக்கா? எங்களிடம் இருப்பது மூன்று போன், ஒரு லெப்டொப். மைதானத்தின் ஒரு பக்கம் மண்மேடு. பின்னேரம் மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. விவரம் தெரிந்தவங்க சொல்லுங்க.


அட்டன்_சென்டர் எழுதியது:

அந்த விதியை அரைகுறையாக எடுத்தால் அதிலுள்ள அநியாயம் மட்டும்தான் நமக்கு வந்து சேரும். முழுசாகப் பார்ப்போம்.

அவர்கள் சொல்வது நம் உதைபந்தாட்டம் இல்லை, பந்தைக் கையில் எடுத்து ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். அதன் பெரிய லீக்கான என்எஃப்எல் போட்டியில் ஒரு கோச் இரண்டு தடவை கொடி எறியலாம். ஒரு பாதிக்கு ஓர் அணிக்கு மூன்று டைம் அவுட், அதாவது ஆட்டத்தைச் சற்று நிறுத்தக் கேட்கும் உரிமை. கொடி எறிய அதில் ஒன்றாவது கையில் மிச்சம் இருக்கணும். தீர்ப்பு மாறினால் டைம் அவுட் அப்படியே இருக்கும், மாறாவிட்டால் ஒன்று போய்விடும். காசு கட்டும் கதையே அங்கே இல்லை. முன்பு இரண்டு கொடியும் வென்றால்தான் மூன்றாவது கிடைக்கும். 2024 முதல் இரண்டில் ஒன்று வென்றாலே மூன்றாவது உண்டு. நாலாவது எந்த நிலையிலும் கிடையாது.

எனக்கு இதில் பெரிய குறையாகத் தெரிவது அந்த உச்சவரம்புதான். நடுவர்கள் நாலு பிழை விட்டு, கோச் நாலையும் சரியாகப் பிடித்தாலும் நாலாவது பிழை பிழையாகவே நிற்கும். டைம் அவுட் தீர்ந்துபோன அணிக்கு கண்ணெதிரே நடந்த பிழையைக்கூட கேட்க வழியில்லை. பிழை விட்டது நடுவர், பணயம் வைப்பது கோச். இது நியாயமில்லை என்று நான் நேராகவே சொல்வேன்.

இன்னொன்று, அங்கே போட்டி சின்னச் சின்ன ஆட்டங்களாக நின்று நின்று நடக்கும், அடுத்த ஆட்டம் தொடங்குவதற்கு முன் கொடி விழுந்தாக வேண்டும். எதிரணிக்கு சந்தேகமான ஒரு பிடி சாதகமாகக் கிடைத்தால், அவர்கள் அவசர அவசரமாக வரிசையில் நின்று பந்தை எடுத்துவிடுவார்கள். கோச்சின் ஆட்கள் மேலே அறையில் டிவி பார்த்து சொல்வதற்குள் நேரம் போய்விடும். ரீப்ளே சீக்கிரம் திரையில் வந்த அணிக்கு வாய்ப்பு, வராத அணிக்கு இல்லை.

ஆனால் உங்கள் குழு எடுத்துச் சொல்லாத பாதி ஒன்று இருக்கு. அங்கே புள்ளி எடுத்த ஒவ்வொரு ஆட்டமும் 2011 முதல் தானாகவே பரிசோதிக்கப்படுகிறது. பந்து கைமாறும் ஆட்டங்கள் 2012 முதல். ஒவ்வொரு பாதியிலும் கடைசி இரண்டு நிமிடத்தில் கோச் கொடி எறியவே முடியாது, ரீப்ளே அதிகாரிதான் கேட்பார். அதாவது போட்டியைத் தீர்மானிக்கும் பெரிய விஷயங்கள் கோச்சின் கையில் விடப்படவில்லை. மிச்சத்துக்குத்தான் சிவப்புக் கொடி.

அந்தத் தானியங்கிப் பரிசோதனை வந்த புதிதில் நடந்ததையும் சொல்லணும். 2012 நவம்பர், டெட்ராய்ட் அணிக்கும் ஹியூஸ்டன் அணிக்கும் போட்டி. ஹியூஸ்டன் ஆட்டக்காரர் ஜஸ்டின் ஃபோர்செட்டின் முழங்கால் தரையில் பட்டது வீடியோவில் தெளிவு, அத்தோடு அந்த ஆட்டம் முடிந்திருக்க வேண்டும், ஆனால் விசில் ஊதவில்லை. அவர் எழுந்து 81 யார்ட் ஓடி, பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் டச் டவுன் போட்டுப் புள்ளி எடுத்தார். கோபத்தில் டெட்ராய்ட் கோச் ஜிம் ஷ்வார்ட்ஸ் கொடி எறிந்தார். தானாகப் பரிசோதிக்க வேண்டிய ஆட்டத்துக்கு கொடி எறிவது அன்றைய விதிப்படி குற்றம். 15 யார்ட் தண்டனை மட்டுமில்லை, பரிசோதனையும் ரத்து. டச் டவுன் நின்றது. டெட்ராய்ட் 34-31 என்று தோற்றது. அடுத்த வருடமே அந்த விதியை மாற்றினார்கள். கேட்ட முறை பிழை என்பதற்காக உண்மையைப் பார்க்காமல் விடுவது எவ்வளவு மோசம் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். உங்கள் விதியில் அப்படி ஒரு வரி நுழைந்துவிடாமல் பாருங்க.

ஃபவுல் இருந்ததா இல்லையா என்பதை ரிவியூவில் வைப்பதையும் அவர்கள் ஒரு தடவை முயன்று பார்த்தார்கள். 2019 ஜனவரியில் நியூ ஓர்லியன்ஸ் அணிக்கு எதிரான அரையிறுதியில், பந்து வருவதற்கு முன்னரே ஆளை இடித்துத் தள்ளியதை நடுவர்கள் விட்டுவிட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம் இருந்த நேரம். அந்த வகை இடித்தல் ரிவியூவில் இல்லாததால் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த பருவத்தில் அதையும் கேட்கலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். எந்த அளவு இடித்தால் தீர்ப்பை மாற்றுவது என்பதில் ஒரு நிலையான கோடு கிடைக்கவில்லை. ஒரு பருவத்தோடு கைவிட்டார்கள்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: பந்து கோட்டைத் தாண்டியதா போன்ற கண்ணால் தீர்க்கக்கூடிய விஷயத்துக்கு கோச் ரிவியூ நியாயமாக இயங்கும், வென்றவர் ரிவியூவை இழக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. 5,000 ரூபாயை இன்றைக்கே வெட்டுங்க. சந்தாவில் ஓடும் அணிக்கும் தோட்ட நிர்வாகம் செலவு பார்க்கும் அணிக்கும் அது ஒரே தொகை இல்லை.


பதுளை_விசில் எழுதியது:

அட்டன் நண்பர் சொன்னதில் ரிவியூ இழப்பு பற்றிய பகுதியோடு முழுக்க உடன்படுகிறேன். உதைபந்தாட்டத்திலேயே இதற்கு முன்மாதிரி இருப்பதால் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை.

ஃபிஃபாவின் ஃபுட்பால் வீடியோ சப்போர்ட் என்ற முறை, சுருக்கமாக எஃப்விஎஸ், 2024இல் பரிசோதனைக்கு வந்தது. அந்த வருடம் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணத்தில் பாவித்தார்கள். இத்தாலியின் மூன்றாம் பிரிவான சீரி சி 2025-26 பருவத்தில் எடுத்துக்கொண்டது. விஏஆர் எனும் வீடியோ உதவி நடுவர் முறைக்கான அறையும் தனி வீடியோ நடுவர்களும் வைக்க வசதியில்லாத, கெமராக்கள் குறைந்த போட்டிகளுக்காகவே அமைக்கப்பட்டது. ஒவ்வொரு அணிக்கும் இரண்டு வேண்டுகோள். தீர்ப்பு மாறினால் வேண்டுகோள் குறையாது, மாறாவிட்டால் ஒன்று குறையும். கோச் விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டி, வேண்டுகோள் அட்டையை நான்காவது நடுவரிடம் கொடுப்பார். மைதான ஓரத்துத் திரையில் பிரதான நடுவரே பார்த்து அவரே முடிவெடுப்பார். கோல், தண்ட உதை (பெனால்டி), நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுதல் ஆகிய நான்குக்கு மட்டும்.

எழுதும்போது தவறவிடக்கூடியவை சில உண்டு.

முதலாவது, அனுமதி. விதிகளை வகுக்கும் சபையின் ஒப்புதல் இல்லாமல் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் வீடியோ பாவிக்க முடியாது. உங்களுடையது லீக் ஒன்றின் கீழ் பதிவான போட்டி என்றால் லீக்கிடம் பேசாமல் கை வைக்காதீர்கள். நட்புரீதியான சுற்றுப்போட்டி என்றாலும், அழைக்கப்போகும் நடுவர்களிடம் விதியை முன்கூட்டியே காட்டிச் சம்மதம் வாங்குங்கள். போட்டியன்று காலையில் கையில் கொடுத்தால் ஒரு நல்ல நடுவர் மறுப்பார், மறுப்பதும் சரி.

இரண்டாவது, நேரம். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் நடுவர் முந்திய தீர்ப்பை மாற்ற முடியாது. ஆகவே சம்பவம் நடந்தவுடனேயே வேண்டுகோள் அட்டை உயர வேண்டும். பந்து விளையாட்டில் இருந்தால் நான்காவது நடுவர் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பந்து அடுத்து நிற்கும்போது பார்க்க வேண்டும். இங்கேதான் சண்டை வரும். இந்தப் பக்கம் தண்ட உதை கொடுக்கப்படவில்லை, பந்து மறுபக்கம் போய் கோல் ஆகிவிட்டது என்று வையுங்கள். ரிவியூவில் தண்ட உதை உறுதியானால் அந்தக் கோல் செல்லாது. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் ஒருவன் இன்னொருவனை அடித்ததற்குக் காட்டிய அட்டை அப்படியே நிற்கும். கோல் வாய்ப்பைத் தடுத்ததற்கான அட்டை மட்டும் நீங்கும். இரண்டு அணி முகாமையாளருக்கும் இதை வாயால் சொல்லி, அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

மூன்றாவது விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. விசில் ஊதிய பிறகு நடந்த எதையும் எந்த வீடியோவாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. லைன்ஸ்மன் பிழையாக ஓப்சைட் கொடி உயர்த்தி, நடுவர் விசில் ஊதி, அதற்குப் பிறகு பந்து வலைக்குள் போனால் அது கோல் ஆகாது. விஏஆர் உள்ள போட்டிகளில் தெளிவான கோல் வாய்ப்பு இருக்கும்போது கொடியைத் தாமதிக்கும்படி லைன்ஸ்மனுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். உங்கள் லைன்ஸ்மன்மார் அந்தப் பழக்கம் இல்லாதவர்கள். அதனால் ஓப்சைட்டை ரிவியூவிலிருந்து முற்றாக விலக்குவதே நேர்மை. பிழையாக விட்ட ஓப்சைட்டை மட்டும் திருத்தி, பிழையாகப் பிடித்த ஓப்சைட்டைத் திருத்த முடியாத விதி, எப்போதும் தடுக்கும் அணிக்கே சாதகம்.


டிக்கோயா_லென்ஸ் எழுதியது:

மூன்று போன் என்பதால் கெமரா பக்கத்தைச் சொல்கிறேன். "யார் போனில் எடுத்ததும் செல்லும்" என்ற வரியை எடுத்துவிடுங்க. ஆதரவாளர் கூட்டம் பெரிதாக உள்ள அணிக்கு இருபது கெமரா, தூரத்திலிருந்து ஒரு லொறியில் வந்த அணிக்கு இரண்டு. தனக்குப் பாதகமான வீடியோவை யாரும் கொண்டுவந்து காட்டப்போவதும் இல்லை. குழுவின் கெமரா மட்டும், ட்ரைபொட்டில், போட்டி முழுக்க ஒரே இடத்தில்.

ஒரு கோல் கோட்டுக்கு ஒரு போன், மூன்றாவது போன் மைய உயரத்தில், அந்த மண்மேட்டின் மேல்.

கோல் கோட்டு போனை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கு. மைதானம் 60 மீற்றர் அகலம் என்றால் பக்கக் கோட்டிலிருந்து கிட்டத்துத் தூணுக்கு ஏறக்குறைய 26 மீற்றர். போன் கோல் கோட்டின் நேரிலிருந்து ஒரு மீற்றர் மட்டும் மைதானத்துக்குள் தள்ளி இருந்தாலே, தூரத்துத் தூணுக்குப் பக்கத்தில் பார்வைக் கோடு 28 சென்ரிமீற்றர் பின்னால் விழும். பந்தின் விட்டமே சுமார் 22 சென்ரிமீற்றர். அதாவது முழுசாக உள்ளே போன பந்து வெளியே இருப்பதுபோல் தெரியும். போனைக் கோட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் எதிர்ப்பக்கம் பிழைக்கும், உள்ளே போகாத பந்து போனதாகத் தெரியும்.

சரியான இடம் கோட்டின் நடு இல்லை, கோட்டின் வெளி விளிம்பு, அதாவது வலைப் பக்க விளிம்பு. அந்த விளிம்பின் நேரே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, கோர்னர் கொடியையும் தாண்டிக் கொண்டுவந்து, கயிற்றின் முனையில் ட்ரைபொட்டை நிறுத்துங்க. அப்போது கிட்டத்துத் தூண் மைதானப் பக்கத்தை மட்டும் மறைக்கும். பந்து முழு வட்டமாகத் தூணுக்கு வலைப்புறம் தெரிந்தால் கோல். ஒரு துண்டு தூணுக்குள் மறைந்திருந்தால் கோல் இல்லை. நடுவருக்கு ஊகிக்க ஒன்றும் இருக்காது. தூண் சாய்ந்திருந்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும் என்பதால் காலையில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க. மூங்கில் தூண் என்றால் இரண்டு பக்கமும் பாருங்க.

அடுத்து வேகம். மணிக்கு 72 கிலோமீற்றரில் அடித்த பந்து ஒரு செக்கனுக்கு 20 மீற்றர் போகும். செக்கனுக்கு 30 படம் எடுக்கும் போனில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பந்து 67 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். அது கோட்டைத் தாண்டி, தூணில் பட்டுத் திரும்பியதே பதிவாகாமல் போகலாம். 60 படம் என்றால் 33 சென்ரிமீற்றர். 60க்குக் குறையவே கூடாது. 240 படத்தில் 8 சென்ரிமீற்றர்தான், ஆனால் அதற்கு வெளிச்சம் வேணும், சேமிப்பும் நிறைய வேணும்.

பனி இறங்கும்போது போன் தானாகவே படவேகத்தைக் குறைக்கும், ஷட்டரையும் மெதுவாக்கும். பந்து வெள்ளைக் கோடாக இழுபடும். தானியங்கிப் படவேகத்தை அமைப்பில் நிறுத்திவிட்டு, குவியத்தையும் வெளிச்சத்தையும் தூணில் வைத்துப் பூட்டுங்க. பூட்டாவிட்டால் போன் வலையைக் குவியமாக எடுத்துக்கொள்ளும். போனை விமானப் பயன்முறையில் போடாவிட்டால் ஓர் அழைப்பு வந்து பதிவு நின்றுபோகும். ரிவியூ பார்த்த பிறகு பதிவை மறுபடி தொடங்க மறப்பதுதான் மிகச் சாதாரணமாக நடப்பது. ஒவ்வொரு ட்ரைபொட்டுக்கும் ஓர் ஆள் வேணும், அவர் எந்த அணியின் தோட்டத்தையும் சேராதவராக இருக்கணும். ஈரத்தில் லென்ஸ் துடைக்க மெல்லிய பருத்தித் துணி, குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும் என்பதால் பவர் பேங்க். வெள்ளைப் பந்துக்குப் பதிலாக செம்மஞ்சள் பந்து ஒன்றைக் கையில் வையுங்க, பனியில் வீடியோவுக்கும் நடுவருக்கும் அதுதான் உதவும்.


நோர்வூட்_பந்து எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காசு விஷயத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகம். பனி இரண்டாம் பாதியில் இறங்கி ஒரு பக்கக் கெமரா மட்டும் தெரியாமல் போனால் என்ன செய்வது? இன்னொன்று, எங்கள் அணிகளில் பாதிக்கு கோச்சே விளையாடுகிறார். யார் வேண்டுகோள் அட்டை உயர்த்துவது?


பண்டாரவளை_ஓரம் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நான் இந்த யோசனைக்கே எதிர்.

கோச் ரிவியூ என்ற முறையே, எல்லாவற்றையும் பார்க்க வசதியில்லாத காலத்துக்கான ஏற்பாடு. டெனிஸில் ஆட்டக்காரர்களுக்கு ஒரு செட்டுக்கு மூன்று ரிவியூ இருந்தது. எல்லாக் கோட்டையும் இயந்திரமே பார்க்கத் தொடங்கியதும் ரிவியூவுக்கு வேலை இல்லாமல் போனது, 2025இல் விம்பிள்டனிலும் கோட்டு நடுவர்கள் போய்விட்டார்கள். கிரிக்கெட்டில் டிஆர்எஸ் எனும் ரிவியூ முறை முதன்முதலில் பரிசோதிக்கப்பட்டது நம் இலங்கையில்தான், 2008இல் இந்திய அணி வந்தபோது. அதிலும் 15 செக்கனுக்குள் கேட்கணும், உடைமாற்றும் அறையைப் பார்த்துக் கேட்கக்கூடாது. 2017இல் பெங்களூரில் ஆஸ்திரேலியத் தலைவர் ஸ்டீவ் ஸ்மித் அந்த அறையைப் பார்த்ததற்கு எவ்வளவு பிரச்சினை என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெளியிலிருந்து உதவி கிடைக்கும் அணிக்கும் கிடைக்காத அணிக்கும் ஒரே ரிவியூ ஒரே பெறுமதி இல்லை என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு. நீங்கள் செய்யப்போவதோ நேரெதிர், வெளியில் நிற்கும் கோச்சுக்கே உரிமை. பொக்கற்றில் போன் வைத்திருக்கும் தம்பி ஒருவன் காதில் சொன்னால் அவருக்குத் தெரியும், எதிரணிக்குத் தெரியாது.

மூன்று ட்ரைபொட்டுக்கு ஆள் தேட முடிந்தால், அதே ஆட்களில் விஷயம் தெரிந்த இருவரை இரண்டு கோல் கோட்டிலும் மேலதிக நடுவராக நிறுத்துங்க. பந்து கோட்டைத் தாண்டியதா என்பதை அந்த நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஆட்டமும் நிற்காது, யாரும் எதையும் பணயம் வைக்கத் தேவையில்லை.


அட்டன்_சென்டர் எழுதியது:

பண்டாரவளை நண்பரின் மேலதிக நடுவர் யோசனை நல்லது, வீடியோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யுங்க. ஆனால் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் தூணில் பட்டுத் திரும்பும் பந்தை மனிதக் கண் பிடிப்பது சிரமம். அதற்குத்தான் வீடியோ. அவர் சொன்ன காதில் ஓதும் பிரச்சினை உண்மை, முழுசாகத் தடுக்க முடியாது. வீடியோ பார்த்துவிட்டுக் கேட்க நேரம் கிடைக்காதபடி, சம்பவம் நடந்து 10 செக்கனுக்குள் அட்டை உயரணும் என்று வைத்தால் பெருமளவு குறையும்.


பதுளை_விசில் எழுதியது:

நோர்வூட் தம்பியின் இரண்டு சந்தேகத்துக்கும்:

பனி. இரண்டு கோல் கெமராவும் தெளிவாக இருந்தால் மட்டும் ரிவியூ உண்டு. ஒன்று மங்கினாலும் இரண்டு அணிக்கும் ரிவியூ நிறுத்தம் என்று நான்காவது நடுவர் இரண்டு கோச்சுக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்க வேண்டும். பாதி நேரத்தில் பக்கம் மாறுவதால் சமமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பனி பெரும்பாலும் பின்னேரத்தில் வருவதால் இரண்டாம் பாதியில் அந்தப் பக்கம் தாக்கும் அணி மட்டும்தான் பாதிக்கப்படும். ஏற்கனவே கேட்டு முடிந்த ரிவியூவின் தீர்ப்பு நிற்கும். மைய வட்டத்தில் நின்று இரண்டு கோலும் தெரியாத அளவுக்குப் பனி என்றால் ரிவியூ அல்ல, போட்டியையே நிறுத்த வேண்டும்.

அட்டை உயர்த்துபவர். போட்டிக்கு முன் கொடுக்கும் பெயர்ப் பட்டியலில் ஒரேயொரு பெயருக்கு எதிரே குறியிடச் சொல்லுங்கள். கோச் விளையாடினால் ஓரத்தில் இருக்கும் முகாமையாளர். அவரும் இல்லையென்றால் தலைவர், அவர் நேரடியாகப் பிரதான நடுவரிடம் விரலைச் சுழற்றிக் கேட்கலாம். வேறு யார் கேட்டாலும் அது வேண்டுகோள் ஆகாது, ஆனால் அதற்காக ரிவியூவைப் பறிக்கக் கூடாது. ஷ்வார்ட்ஸுக்கு நடந்தது அதுதான்.

எதைக் கேட்கலாம் என்பதை மூன்றோடு நிறுத்துங்கள்: பந்து கோல் கோட்டைத் தாண்டியதா, நடுவர் ஏற்கனவே கொடுத்த ஃபவுல் பெனால்டிப் பெட்டிக்கு உள்ளேயா வெளியேயா, அட்டை சரியான ஆளுக்குக் காட்டப்பட்டதா. ஃபவுலே இல்லை என்ற வாதம் வேண்டாம். மண்மேட்டுப் போன் ஒன்றை வைத்து அதைத் தீர்க்க முடியாது. பெட்டிக் கோடு பெட்டியின் பகுதி, கோட்டின் மேல் நடந்தது உள்ளே நடந்ததுதான். பார்க்கும் நேரம் இரண்டு நிமிடம். தொட்ட இடத்தைத் தேட மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். அதற்குள் தெளிவாகத் தெரியாவிட்டால் முதல் தீர்ப்பு நிற்கும். கெமரா மறைந்ததால் தெரியாமல் போனது என்றால் வேண்டுகோளைக் குறைக்காதீர்கள், அது கோச்சின் பிழை அல்ல. செலவான நேரத்தை அந்தந்தப் பாதியின் கடைசியில் கூட்டுங்கள், அப்போது நேரம் கடத்துவதற்காகக் கேட்பவர்களுக்கு அதில் ஒரு லாபமும் இருக்காது.

லெப்டொப்பை இரண்டு அணியின் இருக்கைக்கும் நடுவில், நான்காவது நடுவரின் மேசையில், திரை மைதானத்தைப் பார்க்கும்படி வையுங்கள். சுற்றி மூன்று மீற்றருக்குச் சுண்ணாம்புக் கோடு. அதற்குள் கால் வைக்கும் ஆட்டக்காரனுக்கோ கோச்சுக்கோ மஞ்சள் அட்டை. இறுதி விசிலுக்குப் பிறகு எந்த வீடியோவைக் காட்டியும் முடிவை மாற்றக் கேட்க முடியாது என்ற வரி விதித்தாளில் கையெழுத்துக்கு நேர் மேலே இருக்கட்டும்.